மழையில்லாத நாளில் ஏறிய தண்ணீர்

அன்பு மகன் சூசைக்கு,

உன் அப்பாவின் தம்பி எழுதுவது. நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறாய், கூப்பிட்டுக்கொள். ஐந்து வயதிலிருந்து உன்னை வளர்த்தவன் என்ற உரிமையில் நான் மகனே என்றுதான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பாதிச் சோற்றில் நான் எழுந்து போனேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "சித்தப்பாவுக்குக் கோவம்மா. ஆத்தைப் பத்தி நான் திருத்திச் சொல்லிட்டேன்ல, அவருக்குப் பொறுக்கல" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது, கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. கோபமில்லை மகனே. என்னைத் திருத்த முத்தியால்பேட்டையில் ஆள் பிறக்கவில்லை என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறந்துவிட்டான், அவனும் நான் வளர்த்தவன்தான் என்று தெரிந்ததில் எனக்குப் பெருமைகூட. நான் எழுந்து போனதற்குக் காரணம் வேறு. வெள்ளிக்கிழமை உனக்குக் கப்பல். அதற்குள் நீ அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். ஏனென்றால் உன் அம்மா ஒரு சின்ன வெள்ளிச் சிலுவையைத் துணியில் சுற்றி உன் பெட்டியில் வைத்திருக்கிறார், பிரான்சில் உன் அப்பாவின் கல்லறையில் வைக்கச் சொல்லி. அந்தக் கல்லறை இல்லை.

எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. திரும்பப் படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது, என் கை இவ்வளவு சுருக்கமாக எதையும் எழுதிப் பழகியதில்லை. நீ இன்று பிள்ளைச்சாவடியில் உன் சிநேகிதன் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறாய், நாளை மாலைதான் வருவாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தால் நான் எங்கேயாவது ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன் என்று எனக்கே பயம். அதனால்தான் காகிதம். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்; எழுத்துப் பிழையை நீ பொறுத்துக்கொள். ஆனால் பிரெஞ்சுப் பேச்சில் மட்டும் எனக்குக் குறையே கிடையாது. நான் பேசினால் பாரீசுக்காரனே திரும்பிப் பார்ப்பான். பார்த்திருக்கிறான். எதற்காகப் பார்த்தான் என்பது வேறு விஷயம்.

நான் பட்டாளத்துக்குப் போய்வந்த கதை உனக்கு மனப்பாடம். உனக்கென்ன, தெருவுக்கே மனப்பாடம். ஜெர்மன் சண்டையில் உன் அப்பாவும் நானும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பேர் கொடுத்துக் கப்பலேறியது, நான் பனிமலையில் சறுக்கி இறங்கியது, தளபதி என் கையைக் குலுக்கியது, அங்கே ஒரு ஆறு முழுக்கப் பாலாக ஓடியது. துணிக்கடை காதர் பாய் இன்றைக்கும் என்னைக் கண்டால், "வாங்க முசியே! இன்னைக்கு ஆத்துல பால் எவ்ளோ? தயிரு உறைஞ்சிருச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார். "உறைஞ்சிருக்கு பாய், வெட்டித்தான் எடுக்கணும்" என்பேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அந்த ஆறு வெள்ளையாகத்தான் ஓடியது மகனே, அதில் பொய் இல்லை. சறுக்கியதும் உண்மை, வேண்டுமென்று சறுக்கவில்லை, அவ்வளவுதான். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதில்தான் உண்மை இல்லை. போர்முனையில் ஓர் அதிகாரியைக் காப்பாற்றப் போய் மார்பில் குண்டு வாங்கினான், மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் என் மடியில் உயிர்விட்டான், கோயில் தோட்டத்தில் பேர் வெட்டிய கல்லின் கீழே படுத்திருக்கிறான் என்று உனக்குச் சொன்னேன். உன் அம்மாவுக்கும் அதையே சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லில் ஒரு வரி கூடிக்கொண்டே போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் மேல் ஒரு ரோஜாச் செடியையும் நட்டேன்.

நீ அதை நம்பி, ஆற்றுத் தண்ணீரை அளக்கும் உத்தியோகம் கிடைத்ததும், எத்தனையோ இடம் இருக்க, அந்தப் பள்ளத்தாக்கையே எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறாய். "அப்பா பக்கத்துலயே இருக்கலாம்மா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வருவேன்" என்று நீ சொன்ன அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அங்கே போய்க் கல்லறை கல்லறையாகப் பேர் படித்துக்கொண்டு நீ நடப்பதை நினைத்தேன், ஆனாலும் திறக்கவில்லை. அப்படித் தேடிவிட்டு, கல்லைக் காணோம், பழசாகிப் போயிருக்கும் என்று எனக்குக் கடிதம் எழுதுவாய், ஆமாம் மகனே, இருக்கும் என்று பதில் எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். அதை இங்கே எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ இலையில் செய்து காட்டியதைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு செல்லாமல் போய்விட்டது.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு பருக்கையும் நினைவிருக்கிறது. சோற்றை மலை மாதிரிக் குவித்தாய். "சித்தப்பா, இதான் பனி. வருஷக்கணக்கா பேஞ்சு, இறுகிப்போயி, பாறை மாரி ஆன பனி. அது சும்மா கெடக்காது. தன் கனத்துலயே மெள்ள கீழ நகரும். நகரும்போது அடியில இருக்கற கல்லைப் போட்டு அரைக்கும். அந்த மாவு கலந்துதான் தண்ணி வெள்ளையா இருக்கு. நீங்க சொல்ற பால் அதுதான்." உன் அம்மா, "சோத்துல இன்னாடா வெளையாட்டு?" என்று அதட்டினார். நீ கேட்கவில்லை. ரசத்தை ஒரு கரண்டி எடுத்து, "இதான் வெயில்" என்று குவியலின் உச்சியில் ஊற்றினாய். ரசம் உள்ளே இறங்கிக் காணாமல் போனது. நாம் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் பொறுத்து அடியில் கசிந்து இலையில் ஓடியது. "பாத்தீங்களா, ஊத்தின ஒடனே வரல. மத்தியான வெயில்ல உருகற தண்ணி பனிக்குள்ள வெடிப்புலயும் பொந்துலயும் பூந்து, அடியில ஒரு குகை வாய் வழியா வெளிய வந்து, பள்ளத்தாக்குல இறங்கறதுக்குச் சாயங்காலம் ஆயிடும். விடியக்காலையில முழங்கால் தண்ணி இருக்கும். அதே எடத்துல சாயங்காலம் ஆளை அடிச்சுக்கிட்டுப் போவும். நம்ம ஆறு மழை பேஞ்சா ஏறும். அது மழை இல்லாத நாள்லதான் ஏறும். வானம் எவ்ளோ சுத்தமா இருக்கோ அவ்ளோ தண்ணி."

நான் அப்போதுகூடச் சண்டைதான் போட்டேன். "போடா, மழையே இல்லாம தண்ணி எப்பிடிடா ஏறும்? நான் பார்க்காத ஆறா?" என்றேன். நீ பொறுமையாக, "நீங்க தெனம் செய்யற வேலைதான் சித்தப்பா. குழாயைத் திறக்கறீங்க. திறந்த ஒடனே கடைசித் தெருவுல தண்ணி விழுதா?" என்றாய். விழாது. முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து வரும் தண்ணீரைத் தெருக்குழாய்களுக்குத் திறந்துவிடுகிறவன் நான். இந்தக் கையால் திறந்து மூடியிராத திருகு ஊரில் இல்லை. திறந்தபின் கடைசிக் குழாயில் முதலில் காற்று சீறும். குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் என்னைத் திட்டுவார்கள். "தொறந்தாச்சும்மா, வந்துக்கிட்டிருக்கு, வழியில இருக்கு" என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! வழியில் இருக்கிற தண்ணீரைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மலை மேல் மத்தியானம் திறந்துவிட்டது சாயங்காலம் வரைக்கும் வழியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். எழுந்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நானும் அண்ணனும் போர்முனைக்குப் போகவே இல்லை. கப்பலிலேயே இரண்டு பேருக்கும் மார்ச்சளி கட்டி, இறங்கியதும் ஆஸ்பத்திரி. அதன் பிறகு தேறி வந்தவர்களை மலைக்கு மரம் வெட்ட அனுப்பினார்கள். பட்டாளத்துக்கு மரம் வேண்டுமே. உடுப்பு சொல்தா உடுப்பு, கையில் கோடாரி. பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் எங்கள் கொட்டகை, அந்தக் கரையில் காடு, நடுவில் ஆறு. ஆறு என்றால் நம் வில்லியனூர் ஆற்றில் கால்வாசி அகலம்கூட இருக்காது. கீழே ஒரு மரப்பாலம் உண்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேர நடை. எல்லோரும் அப்படித்தான் போனார்கள். நான்தான் முதல் நாளே பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி பாலமாண்ணே? நம்மூரு பொம்பளைங்க குடம் தூக்கிக்கிட்டு இதைத் தாண்டுவாங்க" என்றேன். அந்த வாரம் முழுக்க மேகமும் குளிருமாக இருந்தது. காலையில் கல் மேல் கல்லாகத் தாவிப் போனோம், மாலையில் அப்படியே வந்தோம். மற்றவர்கள் சுற்றி வந்து சேரும்போது நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். நான் அவர்களிடம் ஆற்றைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். சித்திரையில் மணலாகக் கிடக்கிற ஆற்றில் விளையாடி, ஐப்பசியில் வெள்ளம் வரும்போது கரையில் நின்று பார்த்தவன் நான். மேகம் வந்தால் ஆறு ஏறும், வெயில் வந்தால் ஆறு இறங்கும், இதற்கு மேல் ஆற்றில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றேன். ஒரு பாடமாகவே சொன்னேன். அதைச் சொன்ன என் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அங்கே வெட்டிய மரத்தைக் கோவேறு கழுதைகளில் கட்டி இழுத்துப் போகும் கிழவர் ஒருவர் இருந்தார், அந்த ஊர்க்காரர். முதன்முதலாக வானம் பளிச்சென்று வெளுத்த நாள் காலையில் அவர் எங்களை நிறுத்தினார். சூரியனைக் காட்டினார், ஆற்றைக் காட்டினார், சாயங்காலம் வேண்டாம், பாலத்தில் வா என்றார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது, என் பிரெஞ்சின் மேல் பழி போட வழியே இல்லை. "இன்னாடா சொல்றாரு?" என்றான் அண்ணன். "வெயில் அடிக்குதாம், ஆத்தங்கரையில நிக்காதேங்கறாரு. வெள்ளைக்காரனுக்கு வெயில்னா சாவு பயம்ணே. நம்மூர்ல பார்த்ததில்ல? தக்கைத் தொப்பி இல்லாம வாசப்படி தாண்டுவானா ஒருத்தன்?" அண்ணன் சிரித்துவிட்டான். "சித்திரையில பொறந்தவனுக்கு இவரு வெயிலைக் காட்டறாரு பாரேன்" என்றான். கிழவரும் நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மகனே, புதுச்சேரியில் பிறந்து, மத்தியானம் வெள்ளைக்காரத் தெருவில் ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனைத் தவிர வேறு எவனாவது அந்தக் கிழவர் சொன்னதை இப்படி எடுத்துக்கொண்டிருப்பானா? எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் உன்னைக் கேட்கிறேன்.

அன்றைக்கு நான் முழங்கால் வலி என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்தே கொட்டகைக்குத் திரும்பிவிட்டேன். வலி இல்லை, சோம்பல். உருளைக்கிழங்கு சீவிக்கொடுத்துவிட்டு வெயிலில் படுத்திருந்தேன். அவ்வளவு அருமையான வெயில் அந்த நாட்டில் அதற்கு முன் அடித்ததில்லை, ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. சாயங்காலம் சூப்பு கொதித்தது. இன்றைக்குக் கறி போட்டிருக்கிறார்கள், தீர்ந்துபோவதற்குள் அண்ணனைக் கூப்பிடலாம் என்று ஆற்றங்கரைக்குப் போனேன். மற்றவர்கள் பாலத்துப் பக்கம் போய்விட்டார்கள். அவன் மட்டும் எங்கள் வழக்கப்படி அந்தக் கரையில் வந்து நின்றுகொண்டிருந்தான், தோளில் கோடாரி. தண்ணீர் வேறு மாதிரி இருந்தது. காலையில் அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது, இப்போது சாம்பலைக் கரைத்தது போல. நாங்கள் கால் வைக்கிற கற்களில் இரண்டைக் காணோம். அடியில் ஏதோ உருண்டு முட்டிக்கொள்வது போல ஒரு சத்தம், வண்டி பாலத்தின் மேல் போகிற மாதிரி. அண்ணன் கையைக் குவித்துக் கத்தினான். "டேய், ஏறியிருக்கற மாரி தெரியுதுடா! நான் பாலத்துக்கே போயி சுத்திக்கிட்டு வரட்டுமா?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஆற்றைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தேன். ஒரு துளி மேகம் இல்லை. "வாண்ணே நீ! மழையே இல்ல, தண்ணி எங்கேருந்து ஏறும்? வெறும் கலங்கல்தான், வா! சூப்பு ஆறுது!" என்று கத்தினேன். அவன் எப்போதும் என்னை விட நிதானம். ஆனால் ஆறு விஷயத்தில் தம்பிக்குத் தெரியும் என்று அந்த வாரம் முழுக்க நான் அவனை நம்ப வைத்திருந்தேன். கோடாரியை ஊன்றிக்கொண்டு இறங்கினான். மூன்று அடி வைத்தான். மூன்றாவது அடியில் தண்ணீரைப் பார்க்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதன் பிறகு அவன் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நான் இறங்கினேன், தொடை வரைக்கும் போனேன், அதற்கு மேல் காலே என்னுடையதாக இல்லை. கழுதைக்காரக் கிழவர் எங்கிருந்தோ ஓடிவந்து என் இடுப்புவாரைப் பிடித்து இழுத்துப் போட்டார். என்னைத் திட்டினாரா, ஜெபம் சொன்னாரா தெரியவில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்தார். என் பிரெஞ்சு அன்றைக்கு என்னை விட்டுப் போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இத்தனை வருஷமாகக் குழப்பியது. மறுநாள் விடியற்காலையில் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். ஆறு சின்னதாக, வெளுப்பாக, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன கற்கள் இரண்டும் காய்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தன. அந்த அதிகாரி வெளியூர்க்காரர், மலைக்குப் புதுசு. ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதிலேயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் என்ன சொல்வேன்? எனக்கே நம்ப முடியவில்லை. நான் கனவு கண்டேனா, அண்ணன் கோபித்துக்கொண்டு எங்காவது போய்விட்டானா, யாராவது மேலே மதகைத் திறந்தார்களா, பிசாசு வேலையா, ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் கரையோரமாகக் கீழே தேடிக்கொண்டு போனோம். ஓரிடத்தில் இன்னோர் ஆறு வந்து சேர்கிறது, அது பச்சை. பச்சையும் சாம்பலும் ஒட்டாமல் ஒரே படுகையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் நின்றேன். அதற்குக் கீழே பெரிய ஆறு, அதற்கும் கீழே கடல் என்றார்கள். திரும்பிவிட்டோம்.

மழையில்லாத நாளில், விடிந்தால் கணுக்கால் தண்ணீர் ஓடுகிற ஓடையில் என் அண்ணன் செத்துப்போனான் என்று முத்தியால்பேட்டையில் வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? "இதிலேயா?" என்று அதிகாரி கேட்டது போலத்தானே கேட்பார்கள். குடித்திருந்தானா என்பார்கள். சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. அதனால் அவனுக்கு ஒரு குண்டு கொடுத்தேன். குண்டு பட்டவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: குண்டுக்கதையில் "வாண்ணே" என்று கூப்பிட்டவன் இல்லை. அவன் சாவுக்குப் பட்டாளத்தில் கொடுத்த காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேனே, தின்னவில்லை. என் பெட்டியின் அடியில் இருந்தது. இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே வரிதான். உனக்கு நன்றாகப் பிரெஞ்சு தெரியும், படித்துக்கொள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. ஆற்றைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, ஆனால் இலையில் ரசம் ஓடுவது வேறு, அந்தத் தண்ணீர் தொடையைப் பிடிப்பது வேறு. நீ போய்ச் சேரும்போது அங்கே வெயில் காலம் தொடங்கியிருக்கும். தண்ணீரின் நிறம் மாறினால் கரையேறிவிடு. அடியில் கல் உருளுகிற சத்தம் கேட்டால் அளவுகோலை அங்கேயே போட்டுவிட்டு வா, வேறு அளவுகோல் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் மேகமாக இருந்து ஆறு உன்னிடம் சாதுவாக நடந்துகொண்டால் அதை நம்பாதே. அந்த ஊர்க் கிழவர் யாராவது கையைக் காட்டி ஏதாவது சொன்னால், புரிந்தாலும் ஏன் என்று கேள். நான் கேட்காத ஒரே கேள்வி அதுதான். எக்கரையில் நின்றுகொண்டு எவன் வா என்று கூப்பிட்டாலும், அவன் உன் சொந்தத் தம்பியே ஆனாலும், அவன் கால் நனைந்திருக்கிறதா என்று பார். யோசிக்காமல் பதில் சொல்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள், பேச்சுத் துணைக்கு நல்லவன். வழி மட்டும் கேட்காதே. தெரியாது என்று சொல்கிறவன் யாராவது அங்கே இருந்தால் அவனோடு சிநேகமாயிரு. நான் வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொன்னது இல்லை. இந்தக் கடிதத்தில்தான் எழுதுகிறேன், எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று பார்.

அண்ணனைக் கொன்றது நானா, வெயிலா? நீ சொல்லித் தந்த பிறகு எனக்கு இது முன்னைவிடக் குழப்பமாக இருக்கிறது. முன்பு எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஒன்றும் புரியாதவன் மேல் பாதிக் குற்றம்தான் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த ஆறு ஒரு ஒழுங்கில்தான் ஏறியது, அந்த ஊரில் கழுதை மேய்க்கிறவருக்குக்கூட அது தெரியும், என்னிடம் சொல்லவும் சொன்னார் என்று புரிகிறது. புரிந்தால் பாரம் குறையும் என்பார்கள் சாமியார்கள். எனக்குக் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனால் ஒன்று. நான் பைத்தியக்காரன் இல்லை. தண்ணீர் ஏறியதை நான் கண்ணால் பார்த்தது நிஜம். அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தவன் நீ. அதற்கு உனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அவ்வளவு நேரம் கை கழுவினேன்.

இதுவரை எழுதி, மடித்து, உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உனக்குச் சொல்லிவிட்டு உன் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டால், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீயும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தொழில் சரி, உனக்கு வேண்டாம். இன்று வியாழக்கிழமை காலை மறுபடி எடுத்தேன். அண்ணி அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அண்ணி, சூசைக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன், கேளுங்க" என்றேன். "தளபதி கை குலுக்கினது இதுலயும் இருக்குதா தம்பி?" என்று சிரித்தார். நின்றுகொண்டே படித்தேன். மேலே இருக்கிற எல்லாவற்றையும் படித்தேன், ஒரு வரிகூட விடவில்லை, ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. கல்லறை இல்லை என்ற இடத்தில் அவர் கை நின்றது. அதன் பிறகு மீனையும் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. படித்து முடித்தேன். செதில் ஒட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார், காகிதத்தைப் பிடுங்குவார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சி அண்ணி. கையை வெச்சா எலும்பு நோவும்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு உன் பெட்டியைத் திறந்து, அடுக்கியதையெல்லாம் கலைத்து, அடிவரை பார்த்தார். "கம்பளிச் சட்டை ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வேணும். ரெண்டா இருந்தாலும் நல்லது. காதர் பாய் கடையில இருக்குதான்னு பார்த்துட்டு வாங்க தம்பி, நாளைக்குக் கப்பல் வந்துடும்" என்றார். மன்னித்தாரா, மன்னிக்கவில்லையா, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாரா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சிலுவையைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் இல்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்று நீ அவரிடமே கேட்டுக்கொள். இந்தக் கடைசிப் பக்கத்தைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காதர் பாய் இந்த வெயிலில் கம்பளியா என்று தலையில் அடித்துக்கொண்டு மேல்பலகையில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிறார். தோள் அகலம் எவ்வளவு என்று கேட்டார். உன் அளவு எனக்குத் தெரியவில்லை மகனே. உன் அப்பாவின் அளவைக் கையால் காட்டியிருக்கிறேன்.

சித்தப்பா